எதிரி வானொலி சொன்னதும் சொல்லாததும்

(ஆவடியில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நாம் கூடியிருக்கும் இந்த ஆவடி, இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் தளமாக இருந்த ஊர். அந்த யுத்தத்தில் பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள். சிறுவயதில் அவர்கள் வாயால் நாம் கேட்ட சங்கதிகளில் ஒன்று 'எதிரி ரேடியோ'.

சாதாரணச் சிப்பாயிடம் ஏது ரேடியோ? கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவர்கள் காதில்தான் முதலில் விழும். பிறகு கூடாரத்துக்குக் கூடாரம் காதோடு காதாகப் பரவும்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கே நாளில் பெர்லினிலிருந்து ஆஜாத் ஹிந்த் வானொலியில் சுபாஷ் சந்திர போஸ் தம் சொந்தப் பெயரில் பேசினார். அந்த வானொலி தமிழிலும் செய்தி சொன்னது. பின்னர் சிங்கப்பூரிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் அவர் குரல் ஒலித்தது.

அந்தக் குரல் சிப்பாயின் நெஞ்சில் ஏன் தைத்தது? நாடு அடிமைப்பட்டுக் கிடந்தது உண்மை. வெள்ளைச் சிப்பாய்க்கு ஒரு சம்பளம், இந்தியச் சிப்பாய்க்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்பதும் உண்மை. 1943-ல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் அதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை!

ஆனால் எதிரி வானொலி சொல்லாமல் விட்டது என்ன? "ஆசியா ஆசியருக்கே" என்று முழங்கிய ஜப்பானிய ராணுவம், மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்க் கூலிகளைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பசியிலும் அடியிலும் மடிந்த தமிழர்கள் பல்லாயிரம். அந்தச் சாவுச் செய்தி எந்தத் தமிழ் ஒலிபரப்பில் வந்தது?

இரண்டு எஜமானர்களும் மற்றவன் செய்த கொடுமையைச் சொன்னார்கள். தன் கொடுமையை மறைத்தார்கள். உழைப்பவன் தன் அனுபவத்தைக் கொண்டுதான் இரண்டையும் உரைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்படிப் பார்த்தவர்கள் கடற்படைத் தோழர்கள். 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் 'தல்வார்' என்ற தந்திப் பயிற்சித் தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. நல்ல சாப்பாடு கொடு, வெள்ளையனுக்குச் சமமாக நடத்து, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய் என்று கேட்டார்கள். ஊரார் செய்தியை ஒட்டுக்கேட்டு வந்த தந்திக்காரர்கள் இப்போது தங்கள் செய்தியைத் தாங்களே கப்பலுக்குக் கப்பல் அனுப்பினார்கள். பிப்ரவரி 22-ல் நம் கட்சியின் அறைகூவலை ஏற்று பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 200 பேருக்கு மேல் உயிர் கொடுத்தார்கள்.

தோழர்களே! இன்று ரேடியோ நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போனாக இருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. அதை நம்பிப் பயந்து பலர் ரயிலேறினார்கள். தொழிலாளியைத் தொழிலாளியிடமிருந்து பிரிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே ஒரு செய்தி வந்தால், இதனால் யாருக்கு லாபம், இதில் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார்த் தொழிலாளியிடம் நேரில் விசாரியுங்கள். சங்கத்தில் வந்து பேசுங்கள். அதற்குப் பிறகு நம்பலாம்.