விடியற்காலைச் சத்தம்

வட்டாரம் மாறிய கதையைச் சொல்லுங்கள் என்றால், நம்மவர்கள் கட்டடங்களைத்தான் அடுக்குவார்கள். ஜொகூர் பாருவில் அதற்கா பஞ்சம்? 2008இல் புதிய சுங்க, குடிநுழைவு வளாகம். 2010இல் பழைய ரயில் நிலையத்தை மூடி ஜேபி சென்ட்ரல். இதெல்லாம் பத்திரிகையிலேயே இருக்கிறது, விடுங்கள்.

இந்த நிகழ்ச்சிக்காகப் பெரியவர்களைப் பதிவு செய்யும்போது நான் கேட்பது ஒன்றுதான்: "காலையில் கண் முழிச்சதும் என்ன சத்தம் கேட்கும்?"

ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஒரு பாட்டி சட்டென்று சொன்னார்: "பெரட்டு மணிதான் தம்பி. அது அடிச்சு ஓயறதுக்குள்ள பிள்ளைய ஆயாக் கொட்டாயில விட்டுட்டு ஓடணும்." பெரட்டு என்றால் வேலைக்குமுன் பேர் கூப்பிடுவது; ஆயாக் கொட்டாய், குழந்தைக் காப்பகம். வெயில் ஏறினால் ரப்பர் பால் சரியாக வடியாது, அதனால்தான் அந்த இருட்டு ஓட்டம். மணியடித்தவர் பேர், அவருக்குத் தோட்டத்து எழுத்தரான கிராணி வைத்த பட்டப்பேர், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு யார் கடைசியாக விளக்குப் போட்டது என்று பேச்சு நீண்டது. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இன்று பெட்ரோல் நிலையம். தோட்டம் குடியிருப்புத் தாமானாகிவிட்டது.

"இப்போ என்ன சத்தம் பாட்டி?" என்றேன். "மோட்டார் சைக்கிள்." பேரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. 1924இல் திறந்த ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தை நெரிசலுக்கு முன் கடக்க, விடியுமுன்பே கிளம்பிவிடுகிறான். கவனித்தீர்களா நேயர்களே? பெரட்டு போய்விட்டது, பெரட்டு நேரம் போகவில்லை!

இதை எந்தப் புள்ளிவிவரமும் எனக்குச் சொன்னதில்லை.

இதே ஊரின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் பற்றியும் நிறைய வைத்திருந்தேன், நேரமில்லை. 1922இல் குடிசையாகத் தொடங்கியது, இன்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். பழைய பக்தர் ஒருவர் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: "அப்பல்லாம் வாசல்ல கிடக்கிற செருப்பப் பார்த்தே யார் யார் வந்திருக்காங்கன்னு சொல்லிடுவேன்." இப்போது வெளிநாட்டுப் பயணிகளின் செருப்பு.

இங்குள்ள புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால், ஐந்து நிமிடத்தில் அக்கரை. பாட்டி வீட்டுத் தெருவின் விடியற்காலை மறுபடி மாறலாம். அதற்குமுன், கையில்தான் கைப்பேசி இருக்கிறதே, உங்கள் தெருச் சத்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு பெரியவரை உட்காரவைத்துக் கொள்ளுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.