சோர்வு என்னும் சொல்
(வாலிபர் கூட்டத்திற் பேசியது)



சோர்வு என்றவுடன் மனந்தளர்ந்திருத்தலையே நாம் நினைக்கின்றோம். அச்சொல்லின் பொருள் அதனினும் விரிந்தது. சோர்தல் என்பது நழுவுதல், வடிதல். கண்ணீர் சோர்ந்தது என்கிறோம். கூந்தல் சோர்ந்தது, ஆடை சோர்ந்தது என்று புலவர் பாடுவர். மனத்திலுள்ள கருத்து நழுவினால் மறதி. உறுதி நழுவினால் தளர்ச்சி. இரண்டிற்கும் சோர்வு என்றே பெயர். திருக்குறளிற் பொச்சாவாமை என்னும் 54ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே சோர்வு மிகுந்த மகிழ்ச்சியால் வரும் மறதியாகவும் பேசப்படுகிறது. ஒரு பரீட்சையிற் சித்தியெய்திய களிப்பிலே மறுவருடம் புத்தகத்தைத் தொடாத பிள்ளைக்கும் இச்சொல் பொருந்தும்!

மடி என்பது வேறு. அது சோம்பல். வள்ளுவர் மடியின்மையை 61ஆம் அதிகாரமாக வகுத்தார். துன்பத்தில் உள்ளம் உடையாதிருத்தலை இடுக்கணழியாமை என 63ஆம் அதிகாரத்திற் பேசினார். இரண்டையும் அவர் ஒன்றாக்கவில்லை. நாமோ ஒன்றாக்குகின்றோம். க. பொ. த. பரீட்சையில் இருமுறை தவறி, மூலையில் ஒடுங்கியிருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று வீட்டாரும் சொல்லுகிறார்கள்; சில வேளை ஆசிரியரும் சொல்லுகிறார்கள். சோம்பேறியிடம் நழுவுவதற்கு என்ன இருக்கிறது? அவன் எதையும் பிடித்ததில்லை. சோர்ந்தவனோ பிடித்திருந்தவன். சோம்பலுக்கு இடும் மருந்தை இவனுக்கு இட்டால் நோய் பெருகவே செய்யும்.

அருச்சுனனை எவரேனும் சோம்பேறி என்பாரா? குருக்ஷேத்திரத்தில் காண்டீபம் அவன் கையினின்று நழுவுகிறது. அதுவன்றோ சோர்தல்! கீதையின் முதலாம் அத்தியாயத்துக்கே அருச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்பது துயரத்தால் வருஞ் சோர்வு. அதனையும் யோகம் என்று சொன்னார்களே, அந்தத் துணிவை நாம் வியக்கின்றோம். கண்ணபிரான் முதலிற் கடிந்தே பேசுகிறார். அது 2 சுலோகம். அருச்சுனன் சீடனாகிச் சரணடைந்த பின், இரண்டாம் அத்தியாயத்து 11ஆம் சுலோகத்தில் உபதேசந் தொடங்கி 18ஆம் அத்தியாயம் வரை செல்கிறது. கடிந்தது எவ்வளவு, எடுத்துரைத்தது எவ்வளவு என்று வீட்டிற் போய் எண்ணிப் பாருங்கள்.

நமது ஊர்வழக்கிலும் இச்சொல் நன்றாகவே வழங்குகிறது. காய்ச்சலிற் கிடக்கும் குழந்தையைப் 'பிள்ளை சோர்ந்துபோய்க் கிடக்குது' என்பார்கள். அங்கே ஒருவரும் பிள்ளையைக் குறைகூறுவதில்லை, கஞ்சி காய்ச்சுகிறார்கள். அயர்வு, அலுப்பு என்னும் சொற்களும் உள. நேரங் கருதி அவற்றை விடுகின்றோம்.