மூல ஓலையும் படி ஓலையும்: அரசு ஆவணங்களும் இலக்கிய ஆய்வும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறு தமிழன்பர் அனைவரும் அறிந்ததே. மணப்பந்தலுக்கு வந்த முதியவர் அடிமை ஓலையைக் காட்டுகின்றார். நம்பியாரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. கிழிக்கப்பட்டது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் உரைக்கின்றார். அவையோர் மூல ஓலையைக் கரணத்தானைக் கொண்டு படிப்பிக்கின்றனர். சான்றாகக் கையெழுத்திட்டோரின் எழுத்து உறுதி செய்யப்பெறுகின்றது. அதன் பின்னும் தீர்ப்பு வழங்கப்படவில்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிடத்திலிருந்து வருவிக்கப்பெற்று, இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று ஒப்பு நோக்கப்பட்ட பின்னரே அவை முடிவு கூறுகின்றது.

பக்திச் சுவைக்காகவே பெரிதும் பயிலப்பெறும் இப்பகுதியில் ஆவண ஆய்வின் நெறி முழுமையாக அடங்கியிருத்தல் கருதற்குரியது. படியை விட்டு மூலத்தைக் கேட்டல், வல்லாரைக் கொண்டு படித்தல், சான்றுகளை வினவுதல், காப்பிடத்திலிருந்து மற்றொன்றை வருவித்து ஒப்பிடுதல் ஆகிய நான்கும் அந்நெறியின் படிகள். சோழர் அரசில் அமைச்சராக விளங்கியவர் எனப் போற்றப்பெறும் சேக்கிழார், அரசு அலுவல் அறிந்தவராதலின் இவற்றை ஒன்றும் விடாது அமைத்தார் எனலாம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே காப்பியத்துள் இடம்பெற்ற இந்நெறி, இக்கால இலக்கிய வரலாற்று ஆய்வில் எந்த அளவு பின்பற்றப்படுகின்றது என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

ஒரு கவிஞர், இரு கோப்புகள்

அரசு ஆவணம் என்றவுடன் நிலவரியும் வழக்கும் போரும் நினைவுக்கு வருதல் இயல்பு. கவிதைக்கும் கோப்புக்கும் என்ன உறவு என்று கவிஞர் வினவலாம். பாரதியின் வரலாறே அதற்கு விடையாகும்.

பாரதி 1921 செப்டம்பரில் மறைந்தார். ஏழாண்டுகள் சென்றபின், 1928 செப்டம்பரில், சென்னை மாகாண அரசு அவருடைய ‘சுதேச கீதங்கள்’ நூற்பகுதிகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. பர்மா அரசு முன்னதாக எடுத்த நடவடிக்கையே இதற்குத் தூண்டுகோல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99 அ பிரிவு, பறிமுதலுக்கான காரணத்தை அரசு எழுத்தில் தெரிவித்து அரசிதழில் அறிவிக்க வேண்டும் என விதித்திருந்தது. ஆகவே ஆணை பிறந்தது, அறிவிக்கை பிறந்தது, அவற்றின் பின்னே கடிதங்களும் குறிப்புகளும் சேர்ந்தன. அடுத்த மாதமே சென்னைச் சட்டமன்ற மேலவை என இன்று சிலர் பிழையாகக் குறிக்கும் அக்காலச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து பாரதி பாடல்களுக்காக வாதிட்டார். தீர்மானம் நிறைவேறியது. அவ்விவாதம் அவை நடவடிக்கைத் தொகுதியில் அச்சாகி நிலைபெற்றுள்ளது.

இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தன. 1949 ஆம் ஆண்டு, விடுதலை பெற்ற நாட்டின் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்று அவற்றை அரசுடைமையாக்கியது. முன்பு எந்தத் தலைமைச் செயலகம் பாரதியின் பாடலை நாட்டுக்குக் கேடு என்று எழுதியதோ, அதே தலைமைச் செயலகம் அப்பாடலை நாட்டின் உடைமை என்று எழுதியது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே மேடைகளில் கூறுதல் வழக்கம். இரண்டன் கோப்புகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போதுதான், ஒரு கவிஞரை அரசு என்னும் அமைப்பு எவ்வாறு கண்டது, எவ்வாறு மாறியது, எதனை மாறாமல் வைத்துக்கொண்டது என்பவை புலனாகும்.

இஃது ஒன்று மட்டுமன்று. 1910 ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ்ப் பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் நூல்கள் 1911 இல் தடை செய்யப்பெற்றன. 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பெற்று, டிசம்பரில் நிபந்தனையுடன் விடுதலையானார். ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு கோப்பை உண்டாக்கியது. பகைத்து எழுதிய கை, தானறியாமலே கவிஞருக்கு வரலாறு எழுதி வைத்தது.

தேடும் முறை

தமிழகத்தில் இத்தகைய கோப்புகளின் தலைமை இருப்பிடம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சென்னை ஆவண அலுவலகம் என்ற பெயரில் 1909 இல் தனிக் கட்டடத்தில் இயங்கத் தொடங்கிய இக்காப்பகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலப் பதிவுகள் 1670 முதல் உள்ளன. டச்சு, பாரசீக மொழி ஆவணங்களும் உள்ளன.

நூலகத்தில் நூலாசிரியர் பெயரைக் கொண்டு தேடிப் பழகியவர் காப்பகத்தில் முதல் நாளே சோர்வடைதல் உண்டு. காப்பகம் பொருளால் பகுக்கப்பெற்றதன்று. கோப்பை உண்டாக்கிய துறையால் பகுக்கப்பெற்றது. எனவே முதலில் எழுப்பத்தக்க வினா, “பாரதி எங்கே?” என்பதன்று, “இச்செயலை எந்த ஆண்டில், எந்தத் துறை செய்திருக்கும்?” என்பதாகும். நூல் தடை என்றால் பொதுத்துறை. நிலம் என்றால் வருவாய்த்துறை. பாடநூல் என்றால் கல்வித்துறை. ஆண்டும் துறையும் தெளிந்தபின் அவ்வாண்டின் பொருளடைவில் அரசாணை எண்ணையும் நாளையும் கண்டு எழுதிக் கொடுத்தால் கட்டு கைக்கு வரும். அரசியல் தொடர்பான நுண்செய்திகளுக்குச் சார்புச் செயலரின் இரகசியப் பெட்டகக் கோப்புகள் என்னும் தனி வரிசையையும் காணுதல் வேண்டும்.

பொருளடைவு ஆங்கிலத்தில் இருத்தலின் பெயர்களின் பழைய எழுத்து வடிவத்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது. திருநெல்வேலியைத் தின்னவெல்லி என்றும், தஞ்சாவூரைத் தஞ்சூர் என்றும், திருச்சிராப்பள்ளியைத் திரிச்சினாபொலி என்றும் எழுதிய காலம் அது. ஒருவர் பெயரே ஓரிடத்தில் தலைப்பெழுத்தின்கீழும் மற்றோரிடத்தில் சாதிப்பெயரின்கீழும் வரும். ஓரிடத்தில் இல்லையெனின் இல்லவே இல்லை என முடிவு கட்டுதல் கூடாது.

காலக்கணக்கும் அத்தகையதே. பழைய தமிழ் நூலின் முகப்பில் ‘விபவ வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1868 ஆகவும் இருக்கலாம். 1928 ஆகவும் இருக்கலாம். வருவாய்த்துறைத் தாள்களில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால், அப்பசலி தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிட்டும். பசலி 1338 என்பது 1928 சூலையில் தொடங்கியது. பாரதி நூல் பறிமுதலான அதே செப்டம்பர் மாதம், நூல்முகப்பில் விபவ என்றும், கணக்கர் ஏட்டில் பசலி 1338 என்றும், அரசாணையில் 1928 என்றும் மூன்று பெயரில் வழங்கும். இதனை அறியாதார் ஒரு பதிப்பை அறுபதாண்டு முன்னோ பின்னோ தள்ளிவிட நேரும்.

இவ்வையத்தைத் தீர்க்க அரசே ஒரு கருவியை விட்டுச்சென்றுள்ளது. 1867 ஆம் ஆண்டின் 25 ஆம் சட்டம், அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் அளிக்கப் பணித்தது. அவ்வாறு வந்த நூல்களின் பட்டியல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெளியிடப்பட்டது. நூற்பெயர், ஆசிரியர், மொழி, அச்சகம், ஊர், வெளியான நாள், பக்கம், பதிப்பு எண், படிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அறிஞர் பேணாது விட்ட குஜிலிக் கடைச் சிந்துகளும், பெண்கள் பெயரில் வந்த சிறு நூல்களும் இப்பட்டியலில் புராணங்களோடு சமமாக வரிசையில் நிற்கின்றன. நூலே மறைந்தபின் அதன் பெயரும் விலையும் மட்டும் இங்கே உயிர்வாழும் நிலையும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டு நின்ற அச்சட்டத்தின் இடத்தில் 2023 இல் புதிய சட்டம் வந்துள்ளது. ஆயினும் பழைய பட்டியல்களின் பயன் குன்றவில்லை.

படிக்கும் முறை

ஆவணம் கிட்டினால் உண்மை கிட்டிவிட்டது எனக் கொள்ளுதல் பெரும்பிழை. ஒவ்வொரு தாளிலும் எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்நோக்கத்தோடு எழுதினார் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும்.

சுதேச இதழ்கள் பற்றிய வார அறிக்கைகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ் முதலிய மொழி இதழ்களில் வந்த செய்திகளை ஆங்கிலத்தில் சுருக்கி அரசு மேலதிகாரிகளின் பார்வைக்கு வைத்த அறிக்கைகள் இவை. மூல இதழ்கள் பல அழிந்துபோன நிலையில், ‘இந்தியா’ போன்ற இதழ்களின் குரலை இவற்றின் வாயிலாகவும் அறிய முடிகின்றது. ஆனால் அதிகாரிகளுக்கு எது தேவையோ அதுவே அங்கு சுருக்கப்பெற்றது. இதழின் நகைச்சுவையும் கவிதையும் கைவிடப்பெற்று, சினம் மட்டும் எஞ்சி நிற்றல் கூடும். அவ்வாங்கிலச் சுருக்கத்தை இன்று தமிழாக்கி, அதனையே பாரதியின் வாக்கு என மேற்கோள் குறிக்குள் இடுதல் அறமாகாது. கிழிந்த படி ஓலையை மூல ஓலை என்று அவையில் நீட்டுவதற்கு அது நிகராகும். “அறிக்கை இவ்வாறு கூறுகின்றது” என்று எழுதுவதே நேர்மை.

கோப்பின் உள்ளமைப்பையும் அறிதல் நன்று. வந்த கடிதங்களும் சென்ற கடிதங்களும் நடப்புக் கோப்பில் இருக்கும். எழுத்தர் தொடங்கிச் செயலர் வரை ஒவ்வொருவரும் எழுதிய கருத்து குறிப்புக் கோப்பில் இருக்கும். ஆணையில் அரசு ஒரே குரலில் பேசும். குறிப்பிலோ ஐயமும் மறுப்பும் தயக்கமும் தோன்றும். ஆணையை மட்டும் படித்தவர் முடிவை அறிவார்; குறிப்பையும் படித்தவர் முடிவு பிறந்த விதத்தை அறிவார்.

ஆவணத்தின் மௌனமும் கருதற்குரியது. தாள்கள் ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு காக்கத்தக்கவை என்றும், நிலையாகக் காக்கத்தக்கவை என்றும் வகைபிரிக்கப்பெற்றன. காலம் முடிந்தவை அழிக்கப்பெற்றன. என்றோ ஓர் எழுத்தர் இட்ட குறியே, எது வரலாறு ஆகும், எது சாம்பலாகும் என்பதை முடிவு செய்துள்ளது. அரசு அஞ்சியவரைப் பற்றி நிறைய எழுதியது. அஞ்சாது புறக்கணித்தவரைப் பற்றி எழுதவில்லை. நாற்று நட்டவள் பாடிய பாட்டுக்கு அரசாணை எண் இல்லை. ஆகவே ஆவணத்தில் இல்லாதது நிகழவே இல்லை என்று உரைத்தல் ஆய்வன்று. அவ்விடத்தில் வாய்மொழியும் குடும்பக் கடிதங்களும் கல்வெட்டும் நூலும் துணைநிற்றல் வேண்டும்.

இன்று வாயில்கள் முன்னினும் விரிந்துள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் அடைவுகளை 2015 முதல் இணையவழிக் காண இயல்கின்றது. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பற்றிய தகவலைச் சில விலக்குகள் நீங்கலாக வழங்கப் பணிக்கின்றது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூலையும் இதழையும் அளித்து, அரசு ஆவணத்தோடு ஒப்பு நோக்கத் துணைபுரிகின்றது. வழி எளிதான அளவுக்குச் சோம்பலுக்குச் சாக்கு குறைந்துள்ளது.

அவைக்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு நிறைவு மகிழ்ச்சிக்குரியது. அம்மகிழ்ச்சியோடு ஒரு கணக்கும் பார்க்கத்தக்கது. பத்தாண்டுகளில் இத்தகைய இலக்கிய வட்டங்களில் பாடப்பெற்ற கவிதைகள் எத்தனை, அவற்றுள் கையெழுத்துப் படியாக எஞ்சியவை எத்தனை என்னும் வினா ஒவ்வொரு வட்டத்துக்கும் உரியது. முதற்கூட்டத்தின் அழைப்பிதழ், வருகைப் பதிவேடு, ஒரு கவிஞர் மேடையிலேயே அடித்துத் திருத்திய தாள், வரவு செலவுக் குறிப்பு ஆகியவை எவர் வீட்டுப் பரணில் உள்ளன என்பதை இப்பொழுதே கேட்டறிதல் வேண்டும்.

பாரதியின் பாடலைக் காவலர் பறித்துச் சென்றமையால் அதற்கொரு கோப்பு உண்டாயிற்று. எவரும் பறிக்காத இன்றைய கவிதைக்குக் கோப்பு வைப்பார் அரசில் இல்லை. அக்கடமை அதனைக் கேட்டு மகிழ்ந்தவர்க்கே உரியது. நாளிட்டு, பெயரெழுதி, ஒரு பெட்டியில் வைத்தலே தொடக்கத்திற்குப் போதும். என்றோ ஒரு நாள் ஓர் ஆய்வாளர் வந்து “மூலம் எங்கே?” என்று அவையில் கேட்பார். அன்று எடுத்து நீட்ட ஓர் ஓலை இருத்தல் வேண்டும்.