பழனி நடையில் ஒரு சொம்பு பானகம்



தைப்பூசத்துக்கு மாலை போட்டு, நீலகிரியிலிருந்து பழனிக்கு நடக்கப்போகும் முருக பக்தர்களுக்காகப் பேசுகிறேன். ஒருவேளைச் சோறு, கவிச்சி விலக்கு, பாய்ப் படுக்கை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடக்கிற நாட்களில் என்ன சாப்பிடுவது என்பதுதான் என் பேச்சு.

இப்போது இரண்டு பழக்கங்கள் பெருகிவருகின்றன. ஒன்று, பந்தலுக்குப் பந்தல் நின்று புளியோதரை, பொங்கல், பிஸ்கட், குளிர்பானம் என்று கண்டதையும் சாப்பிட்டபடி போவது. அன்னதானம் செய்பவர்கள் கும்பிடத் தக்கவர்கள். அளவு நம்மிடம்தான் வேண்டும். இன்னொன்று, உப்பைத் தொடாமல், தண்ணீரும் குடிக்காமல் நடந்தால் பலன் கூடும் என்று உடம்பை வதைப்பது. இது ஆபத்து. சோற்றை விடலாம், நேயர்களே. தண்ணீரையும் உப்பையும் விடக்கூடாது.

மலைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். தை மாதத்தில் ஊட்டியில் உறைபனி. அந்தக் குளிரில் தாகமே தெரியாது. 2,200 மீட்டருக்கு மேலிருந்து குன்னூர், பர்லியார் என்று இறங்கி மேட்டுப்பாளையம் சேர்ந்தால், 300 மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிடுகிறோம். காரமடை தாண்டியதும் வெயில். வியர்வை கொட்டும், கூடவே உப்பும் போகும். அப்போது வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும்.

இதற்கு என் கண்கண்ட மருந்து பானகம். எங்கள் குழுவுக்குச் சமைத்துப்போட்ட அக்கா ஒருவர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவர் போடும் பானகத்துக்கு ஈடாக எந்தக் கடைப் பாட்டிலையும் நான் சொல்லமாட்டேன். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுவார். தட்டிய சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு சேர்ப்பார். கடைசியில் மறக்காமல் உப்பு. கோயிலில் தருவதைவிட நீர்க்கவே இருக்கும். “தித்திப்பு தூக்கலா இருந்தா வயித்தைக் கலக்கும் தம்பி” என்பார். ஒருமுறை பொள்ளாச்சிச் சாலையில், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத இளைஞர் ஒருவர் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரை நிழலில் சாய்த்து, மடக்கு மடக்காகப் பானகம் கொடுத்தார். ஒரே மூச்சில் குடிக்க விடவில்லை. சாயங்காலம் அந்தத் தம்பி எழுந்து எங்களோடு நடந்தார்.

அக்காவின் கைப்பக்குவத்துக்கு மருத்துவமும் சாட்சி சொல்கிறது. குடலில் சர்க்கரையும் உப்பும் ஒன்றாக உள்ளே போகின்றன; தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1971இல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் சேர்த்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். வீட்டுக் கணக்கு இதுதான்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளக்கவேண்டும். மறுபடி சொல்கிறேன்: ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பானகத்துக்கும் இந்த அளவை ஒட்டியே போங்கள்.

பானகம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுத்து நடக்கும் நகரத்தாரைப் பாருங்கள். நெற்குப்பையிலிருந்து பழனிக்கு உப்பு வாணிகம் செய்யப்போன ஒருவரிடமிருந்து இந்த நடை தொடங்கியது என்பது அவர்கள் மரபு. எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது, எப்போது சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் அங்கே ஒழுங்கு உண்டு. நடைவிரதத்தின் உயிர் அந்த ஒழுங்கில் இருக்கிறது என்பேன்.

நம் குழுக்களும் அப்படி நடக்கலாம். விடியுமுன் உப்புப் போட்ட கஞ்சி குடித்துக் கிளம்புங்கள். வெயில் ஏறியதும் நிழலில் தங்குங்கள். வழியில் தாகத்துக்குக் காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பானகம். அந்த ஒருவேளைச் சோறு, நடை முடிந்து தங்கும் இடத்தில். சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து எடுப்பவர்கள் பானகத்துக்கும் பட்டினிக்கும் முன்னால் மருத்துவரைக் கேட்டே தீரவேண்டும்.

உடுமலை, மடத்துக்குளம் கடந்து மலையேறி முருகனைக் கும்பிடும்போது கண் இருட்டாமல் நிற்கவேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். சோற்றைக் குறையுங்கள், உப்பையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள்.