மேற்கே வந்தால் வரலாறு முடிந்துவிடுமா?



நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் காக்கப்பட வேண்டிய மரபுக் கட்டடங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. உயர் நீதிமன்ற வழக்கையொட்டி நீதிபதி பத்மநாபன் குழு தந்த பட்டியல் அது. மொத்தம் 467 கட்டடங்கள். ஜார்ஜ் டவுன், மவுண்ட் ரோடு, எழும்பூர், மெரினா என்று பெரும்பாலும் பழைய நகரத்தையே அது சுற்றி வருகிறது. அந்தக் கட்டடங்கள் காக்கப்பட வேண்டியவைதாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பாடியைத் தாண்டி மேற்கே வந்தால் வரலாறு முடிந்துவிடுமா? அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் காக்கத்தக்க பழமை எதுவும் கிடையாதா?

கிழக்கிந்தியக் கம்பெனி மதராசப்பட்டினத்தில் கால் வைத்தது 1639-ல். அதற்கு 650 ஆண்டுகளுக்கு முன்பே ஆவடியை அடுத்த திருமுல்லைவாயில் கோயிலில் சோழர் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. உத்தம சோழன் காலத்து எழுத்தைச் சுமந்து நிற்கிறது அந்தக் கல். கருவறைக்கு முன்னே இரண்டு எருக்கந்தூண்கள். குறும்பர் கோட்டையை வென்ற தொண்டைமான் கொண்டுவந்து நட்டவை என்பது ஊர் வழக்கு. சுந்தரர் பதிகம் பெற்ற தலம் அது. இந்தப் பக்கம் பாடியில் திருவலிதாயம், சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அதன் விமானம் யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். தினமும் பல்லாயிரம் பேர் அந்த ஊரைப் பேருந்தில் கடக்கிறோம். இறங்கிப் பார்த்தவர் எத்தனை பேர்?

பூந்தமல்லிக்குப் போங்கள். ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பி பிறந்த மண் அது. அங்கே வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது, கோல்கொண்டா ஆட்சிக்காலப் பள்ளிவாசல் இருக்கிறது, கம்பெனிப் படை தங்கிய கன்டோன்மென்ட்டும் இருக்கிறது. மூன்று ஆட்சிகளின் தடம் ஒரே ஊரில், நடந்து பார்க்கும் தூரத்தில்.

கோயிலும் மசூதியும் மட்டுமே மரபு என்று எண்ணிவிட வேண்டாம். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டதே, அது அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிசப் பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது எந்த ஊரில்? நம் ஆவடியில்! நேருவும் காமராசரும் இருந்த மேடை அது. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் எத்தனை பேரால் அந்த இடத்தைக் கைநீட்டிக் காட்ட முடியும்? அடுத்த பத்தாண்டிலேயே, 1965-ல், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. உங்கள் அப்பாவும் தாத்தாவும் ஷிப்டு பார்த்த கூடங்கள் அவை. உழைத்தவன் கட்டியதும் வரலாறுதான். அரண்மனைக்குத் தரும் மரியாதையை ஆலைக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி.

இத்தனை இருந்தும் நாம் இழந்துகொண்டே இருக்கிறோம். காரணம் பகையல்ல, பட்டியல் இல்லாமை. பட்டியலில் இல்லாத கட்டடம் அதிகாரியின் மேசையில் வெறும் சர்வே எண். இடிக்க அனுமதி கேட்டால் கொடுத்துவிடுகிறார். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அது பழைய கட்டடம் என்று அவருக்குச் சொல்லும் காகிதம் ஒன்றுகூட அந்தக் கோப்பில் இல்லை.

"மரபு, மரபு என்று சொல்லி வளர்ச்சியைத் தடுக்கிறீர்கள்" என்கிறார்கள். நான் வளர்ச்சிக்கு எதிரி அல்ல. பூந்தமல்லிக்கு மெட்ரோ வரட்டும், வரவேற்கிறேன். பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவது எது? மவுண்ட் ரோட்டில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். தடை வந்தது. பாதி சிதைந்த கட்டடம் வருடக்கணக்கில் அப்படியே நின்றது. உரிமையாளருக்கும் லாபமில்லை, ஊருக்கும் லாபமில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்பே எழுதிவைத்திருந்தால் அந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது. பட்டியல்தான் வளர்ச்சிக்கும் நல்லது.

"என் வீடு, என் சொத்து, இடிப்பது என் உரிமை" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஊருக்காக ஒருவர் மட்டும் நட்டப்பட வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அதற்கு வழி இருக்கிறது. பழைய வீட்டைக் காப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள். அந்த மனையில் கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்தில் கட்டவோ விற்கவோ உரிமை கொடுங்கள். மும்பை 1995-லேயே மரபுக் கட்டடங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்த நகரம். நம்மால் முடியாதா?

இனி நம்மவர்களிடமே ஒன்று சொல்ல வேண்டும். கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழங்கோயில்களுக்குச் சில இடங்களில் பெரிய கேடு பக்தியின் பெயராலேயே நடக்கிறது. திருப்பணி என்று சொல்லி மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்கிறார்கள். ஆயிரம் ஆண்டு எழுத்து மழுங்குகிறது. கல்வெட்டின் மேல் பெயின்ட் பூசுகிறார்கள். கருங்கல் தரைமேல் டைல்ஸ் பதிக்கிறார்கள். நன்கொடை கொடுப்பவர் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் சோழ அரசி செம்பியன் மாதேவி போன்றவர்களின் கொடையைச் சொல்லும் கல்வெட்டை மறைத்து, நம் பெயரைக் கிரானைட்டில் பொறிப்பது தருமமா? கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகள் பிறப்பித்தது. அவற்றில் எத்தனை நம் ஊர்க் கோயில் வாசல்வரை வந்து சேர்ந்தன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

அரசையும் கேட்கிறேன். மரபுச் சின்னங்களுக்கு ஆணையம் அமைக்கும் சட்டத்தை நம் சட்டமன்றம் 2012-ல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024-ல். பன்னிரண்டு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் ஜேசிபி காத்திருந்ததா? தாமதத்தின் விலையைப் புதுச்சேரியில் பார்த்தோம். கடற்கரை ஓரத்து 'மேரி' என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. மறுபடி கட்டித் திறக்க 2021 ஆயிற்று. இப்போது நிற்பது அதே தோற்றம். அதே கட்டடம் அல்ல. மாறாக, மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2012-ல் தீயில் கருகிய சேப்பாக்கம் கலசமகாலை நம் பொதுப்பணித் துறையே மீட்டெடுத்தது. கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. அது பழைய நகரத்தோடு நின்றுவிடக் கூடாது.

இதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான். அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது திட்டத்தில் நம் பெயர் ஏற வேண்டும். பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க ஆணையிட்டார்கள். மனைக்கு எல்லை விரிகிறது, மரபுக்கு மட்டும் ஏன் விரியவில்லை?

நம் கோரிக்கைகள் நான்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்குத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து மரபுப் பட்டியல் ஒன்று தயாரித்து, முழுமைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பழங்கட்டடம் எதையும் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இடிக்க அனுமதி தரக்கூடாது. எந்தக் கோயிலிலும் தொல்லியல் துறை கல்வெட்டுகளைப் படியெடுத்த பிறகே திருப்பணி தொடங்க வேண்டும். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளின் பழைய மதகும் கலங்கலும் மரபுச் சின்னங்களாகக் கருதப்பட வேண்டும். ஏரி வெட்டியவனும் கோயில் கட்டியவனுக்கு இளைத்தவன் அல்ல.

அரசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் உள்ள பழைய வீடு, சத்திரம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, யார் கட்டியது, எப்போது கட்டியது என்று எழுதுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அதை மனுவாகக் கொடுங்கள், கவுன்சிலர் கையெழுத்துப் போட்டு வாங்கும்வரை நகராதீர்கள். ஒரு வார்டில் ஒரு மனு வந்தால் கோப்பில் தூங்கும். எல்லா வார்டிலிருந்தும் வந்தால் கோட்டை வரை கேட்கும். அந்த வேலையை நாளைக் காலையிலேயே தொடங்குவோம்.