பயனின்றி எரியும் விளக்கு

(மகாவீரர் நிர்வாணத் திருநாள் விழாவில், இரமணாசிரமம் பகுதிச் சமணக் குடும்பத்தினரிடையே ஆற்றப்பெற்ற உரை)



மின்கட்டணத்தைப் பற்றிப் பேசத் திருநாள் மேடை ஏற்றதா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை ஓதியவர்களுக்கு அது எழாது. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனில்லாத தீங்கினின்று விலகுதல் என்பது அதன் பொருள். அத்தீங்கின் ஐந்து வகைகளுள் பிரமாதசரியை என்பதை விளக்குமிடத்தில், நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே அலைக்கழித்தலும் செடிகொடிகளை வீணே அறுத்தலும் கூறப்பட்டுள்ளன. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியும் நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டியும் அக்காலத்தில் இல்லை. ஆயினும் அவற்றுக்குரிய இடம் அங்கே ஆயத்தமாகவே இருக்கிறது. சமையலுக்கு மூட்டும் தீயை அவ்விரதம் தடுக்கவில்லை என்பதையும் கருத வேண்டும். தீயின்றி இல்லறம் இல்லை. பயனின்றி எரிப்பதே குற்றம்.

வந்தவாசி, போளூர், ஆரணி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகவும் பணிக்காகவும் திருவண்ணாமலைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. ஊரில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உறங்கியவர்கள் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மொட்டைமாடிக்குக் கீழே உறங்குகிறார்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவில் வெப்பத்தை இறக்குகிறது. ஏ.சி. வாங்குகிறார்கள், அடுத்த கணக்கெடுப்பன்று தொகையைக் கண்டவுடன் ஏ.சி. அறையிலேயே வியர்க்கிறது.

அந்தத் தொகை எப்படி ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழகத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்கு 2016 முதல் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! எல்லையைக் கடந்தவுடன், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை விலை நீங்கி, அவையும் 4.50 ரூபாய் ஆகிவிடுவதே காரணம். 2024-ஆம் ஆண்டின் கட்டண உயர்விலும் 500 என்னும் அந்த எல்லை மாறவில்லை.

560 யூனிட் செலவிடும் குடும்பம் ஒன்றைக் கொள்வோம். மூன்று பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழல்கின்றன. அறுபது நாளில் அவை மட்டும் 200 யூனிட்டுக்கு மேல் உண்கின்றன. 30 வாட் அளவில் இயங்கும் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால் அதே காற்றுக்கு 81 யூனிட் போதும். கணக்கு 560-லிருந்து 439 ஆகும். 2022 விலையில் 2,430 ரூபாய் 1,359 ஆகும். குண்டு பல்பை மாற்றியவர்கள் விசிறியை மறந்துவிட்டார்கள் என்பதே உண்மை. ஏ.சி.யை 18 பாகையில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது பழைய முறை, இன்றும் பலன் தருவது.

வாடகை வீட்டார் நிலை வேறு. பல குடித்தனங்களுக்கு ஒரே மீட்டர் இருந்தால் எல்லாருடைய பயன்பாடும் சேர்ந்து உயர்ந்த படிக்கு ஏறுகிறது. சில இடங்களில் உரிமையாளர் யூனிட்டுக்கு ஒரே விலை வைத்து வாங்குகிறார். இலவச 100 யூனிட்டின் பயன் குடியிருப்பவரைச் சேர்வதே இல்லை. தாம் செலுத்தியதற்கு மேல் வாங்கும் சிராவகர் எவரேனும் இருப்பின், கள்ளாமை என்னும் அணுவிரதத்தோடு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை அவரே எண்ணிப் பார்க்க வேண்டும். சிக்கனம் பேசும் மேடையில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வாசல் விளக்கும் அவ்வாறே. மழை பெய்த மாலையில் மலையடிவாரத் தெருக்களில் ஈசல் கூட்டமாகக் கிளம்புகிறது. விடியலில் விளக்கின் கீழே இறகுகள் குவிந்து கிடக்கின்றன. விளக்கில் விழும் உயிர்களை எண்ணி இரவுண்ணாமையைக் காக்கும் குடும்பம், வெள்ளொளி விளக்கொன்றை இரவு முழுதும் வாசலில் எரியவிடுவது முரண். மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். அணைத்துவிட்டால் வருவதே இல்லை. அந்திக்கு முன்பே உண்டு முடித்து, நள்ளிரவு வரை தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களே பேசிக்கொள்ளட்டும்.

அச்சுப்படித் தாள்களின் வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து எழுதியவர் இரமணர். அவருடைய ஆசிரமத்தின் அண்டை வீட்டார்க்குச் சிக்கனம் புதிய பாடமன்று.

சொந்த வீடும் நிழல் விழாத மாடியும் உடையவர்கள் சூரிய மின்தகடு பொருத்தலாம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆனால் வீணாவதைக் குறைத்த பிறகே தகட்டின் அளவை முடிவு செய்வது நன்று. இல்லையேல் வீண் செலவுக்கும் சேர்த்துத் தகடு வாங்க நேரும்.

இன்றே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. கணக்கெடுத்த நாளிலிருந்து 45-ஆம் நாள் மீட்டரைப் பார்த்தல். 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால், எஞ்சிய பதினைந்து நாளும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் சற்று ஓய்வு கொடுக்க வேண்டும். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். பல வீடுகளில் மீட்டர் பெட்டி படிக்கட்டின் அடியிலேயே, அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.