வீட்டுத் தோட்டத்தில் ஈச்சமரம்

தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வந்து குடியேறி, வீட்டைச் சுற்றிச் சிறிது நிலமும் வாய்க்கப் பெற்றவர்களுக்கு முதலில் தோன்றும் ஆசை, ஒரு தென்னம்பிள்ளை வைக்க வேண்டும் என்பதே. தில்லியின் மார்கழி, தை மாதக் குளிர் அவ்வாசையைப் பெரும்பாலும் நிறைவேற விடுவதில்லை. ஆனால் தென்னையின் இனத்தைச் சேர்ந்ததும், வடநாட்டார் கஜூர் என்று வழங்குவதுமான ஈச்சமரம் அந்தக் குளிரையும் தாங்கும். வைகாசி மாதத்து அனற்காற்றையும் தாங்கும். வேரூன்றிய பின் அது நம்மிடம் கேட்பது மிகக் குறைவு. பல தோட்டங்களில் அது நலிவதற்குக் காரணம் அளவுக்கு மீறிய கவனமே ஆகும்.

தீபாவளிக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது மரத்தையும் 'சுத்தம்' செய்துவிடச் சொல்கிறோம். தோட்டக்காரர் அரிவாளுடன் ஏறிப் பச்சை ஓலைகளையெல்லாம் கழித்து, உச்சியில் குடுமிபோல் நாலைந்தை மட்டும் விட்டு இறங்குகிறார். பார்வைக்குத் துப்புரவுதான், மரத்துக்கோ அது பட்டினி.

ஏன் என்று சொல்கிறேன். வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. அக்கணக்கில் ஈச்சமரம் மரமே அன்று, புல்! இக்காலத் தாவர நூலாரும் இதனைப் புல்லைப்போல ஒருவித்திலைத் தாவரம் என்றே வகுக்கின்றனர். வேம்பும் மாவும் வெட்டுப்பட்ட இடத்தைப் புதுப்பட்டையால் மூடிக்கொள்ளும். ஈச்சமரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. வங்காளத்தில் வாழும் அன்பர்கள் இதனை நேரில் கண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் வெல்லத்துக்காகச் சாறு இறக்கச் சீவிய தழும்புகள், ஓராண்டு ஒரு பக்கமும் மறு ஆண்டு எதிர்ப்பக்கமுமாக, படிக்கட்டுப் போல் அடிமரத்தில் கடைசிவரை நிற்கும். பக்கக் கிளையும் இதற்குக் கிடையாது. உச்சியிலுள்ள ஒரே குருத்து சிதைந்தால் மரம் முடிந்தது.

ஆகவே, முற்றும் காய்ந்து தொங்கும் ஓலையை மட்டுமே கழிக்க வேண்டும். பாதி மஞ்சளான ஓலை கண்ணை உறுத்தினாலும் பொறுத்திருங்கள். பொட்டாசியம் என்னும் சாம்பல் சத்து குறையும்போது, மரம் முதிய ஓலையிலிருந்து அதனை எடுத்துத்தான் இளங்குருத்தை வளர்க்கிறது. அந்த ஓலையை வெட்டினால் பற்றாக்குறை மேலே உள்ள ஓலைக்கு ஏறும். மட்டையைப் பிய்த்து இழுக்காமல், இரண்டு மூன்று அங்குலம் விட்டுக் கூரிய அரத்தாலோ அரிவாளாலோ அறுக்க வேண்டும். ஒரு மரத்தில் பயன்படுத்திய கருவியைக் கழுவித் துடைத்த பிறகே மற்றொன்றில் வைக்கலாம். அடிமட்டையின் முட்கள் ஊசியினும் கொடியவை. தடித்த கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அருகில் செல்லக் கூடாது.

வெட்டுக்காயத்தின் மணம் சிவப்புக் கூன்வண்டை அழைக்கும். அது இடும் முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே குடைந்து செல்லும்; குருத்து சாயும்போதுதான் நமக்குத் தெரியவரும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பச்சை மட்டையைத் தொடாதிருக்க இது ஒன்றே போதிய காரணம்.

கன்றாக இருக்கும் முதல் இரண்டாண்டுகள் தண்ணீர் தவறக் கூடாது. ஆனால் அடியில் தேங்கவும் கூடாது. கடுங்குளிர் இரவுகளில் கன்றின்மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடலாம். கழித்த ஓலையை எரித்துவிட வேண்டாம். முள்ளை நீக்கிக் கிழித்துக் கட்டினால் வாசல் பெருக்கத் துடைப்பமாகும். முடையத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் பாயும் ஆகும்.